கர்னல் ஏறியது, நெட் எங்கே?

"அண்ணா, கர்னல் ஏறிடுச்சு. ஆனா நெட் வரல."

இரவு பதினொன்றரை மணி. பேசியது எங்கள் அலுவலகத்தில் போன வருடம் சேர்ந்த தம்பி. முதல்முறையாக லினக்ஸ் கர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையக் கருவை, மூல நிரலிலிருந்து தானே கம்பைல் செய்து ரீபூட் செய்திருக்கிறான். அதுவும் எழுந்து நின்றுவிட்டது. திரை வருகிறது, கீபோர்டு அடிக்கிறது, பாட்டும் கேட்கிறது. வைஃபை மட்டும் இல்லை. திரையின் மூலையில் இருந்த அடையாளத்தையே காணோம். "கார்டு போயிடுச்சோ?" என்பது அடுத்த கேள்வி.

கர்னல் மாற்றியதால் கார்டு போகாது. அப்படிப் போன கதை ஒன்றே ஒன்று உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். மற்றபடி, சொந்தமாகக் கர்னல் கட்டியவர்களில் இந்தப் பள்ளத்தில் ஒரு தடவையாவது விழாதவரை நான் பார்த்ததில்லை. விழுந்தவுடன் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: கர்னலில் என்னென்ன சேர வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் மெனுகான்ஃபிக்கைத் திறந்து, கண்ணில் பட்ட நெட்வொர்க் டிரைவர்களையெல்லாம், அதாவது கார்டுகளை ஓட்டும் நிரல்களையெல்லாம், டிக் அடித்து, மறுபடி ஒன்றரை மணி நேரம் கம்பைல் ஓட விடுவது. பெரும்பாலும் அதனால் ஒன்றும் ஆகாது. ஏனென்றால் காணாமல் போயிருப்பது அநேகமாக டிரைவர் இல்லை. டிரைவர் அங்கேயேதான் இருக்கும். அதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய ஏதோ ஒன்று இருக்காது.

டெபியன், உபுண்டு, ஃபெடோரா போன்ற டிஸ்ட்ரோக்கள் (லினக்ஸ் தொகுப்புகள்) தரும் கர்னலைப் பயன்படுத்தும்போது நமக்குத் தெரியாமலே ஒரு சொகுசை அனுபவிக்கிறோம். கர்னலின் கான்ஃபிக் கோப்பில் ஆயிரக்கணக்கான கேள்விகள் இருக்கின்றன. எந்த ஊரில் எந்தக் கணினியில் எந்தக் கார்டு இருந்தாலும் வேலை செய்ய வேண்டும் என்பதற்காக, அவர்கள் எல்லாவற்றுக்கும் நம் சார்பில் பதில் சொல்லி வைத்திருக்கிறார்கள். நாமே கம்பைல் செய்யும் நாளில் அந்த வினாத்தாள் நம் கைக்கு வருகிறது. நெட்வொர்க் பகுதியில்தான் மதிப்பெண் முதலில் குறையும், காரணம் அங்கே ஒரு பதிலை நம்பி ஐந்து பதில்கள் நிற்கின்றன.

இந்தக் கோளாறுக்கு ஒரு தனிக் குசும்பும் உண்டு. நெட்டைச் சரிசெய்ய நெட் வேண்டும். வீட்டுச் சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திய கதை. தம்பியுடையது மெல்லிய லேப்டாப், கேபிள் செருக ஓட்டையே கிடையாது. போனை யூஎஸ்பியில் செருகி டெதரிங் போட்டுப் பார்த்திருக்கிறான். அதுவும் வரவில்லை. வராது, ஆண்ட்ராய்டு போனின் டெதரிங் பெரும்பாலும் ஆர்என்டிஐஎஸ் என்ற நெறிமுறையில் ஓடுகிறது, அதற்கும் கர்னலுக்குள் ஒரு டிரைவர் வேண்டும், அதையும் அவன் கட்டியிருக்கவில்லை. நல்லவேளை, பழைய கர்னலை அழிக்காமல் வைத்திருந்தான். கணினி எழும்போது எந்தக் கர்னல் என்று கேட்கும் கிரப் மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு நிமிடத்தில் நெட்டோடு எழுந்துவிடும். அங்கே போய்த் தேவையானதை இறக்கிக்கொண்டு திரும்பி வரலாம். புது கர்னல் ஒரு வாரமாவது ஒழுங்காக ஓடும்வரை பழையதை அழிக்காதீர்கள். இந்தக் கட்டுரையில் நான் கண்டிப்பாகச் சொல்லும் அறிவுரை இது ஒன்றுதான்.

முதலில் கார்டும் டிரைவரும் ஒன்றையொன்று எப்படிக் கண்டுபிடிக்கின்றன என்று பார்ப்போம். பிசிஐ பஸ்ஸில், அதாவது கார்டுகளை மதர்போர்டோடு இணைக்கும் தடத்தில், உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு கார்டும் தன் நெற்றியில் இரண்டு எண்களை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்று தயாரிப்பாளருடையது, மற்றது சிப்புடையது. இன்டெல்லின் எண் 8086. 1978-இல் வெளிவந்த தன் பிரபலமான பிராசஸரின் பெயரையே அவர்கள் அடையாள எண்ணாக வாங்கிக்கொண்டார்கள்; இந்தத் துறையில் அபூர்வமாகத் தென்படும் நகைச்சுவை உணர்வு. ரியல்டெக்கின் எண் 10இசி. ஆக, 8086:2723 என்று ஒரு கார்டு சொன்னால் அது இன்டெல் ஏஎக்ஸ்200 வைஃபை. 8086:1533 என்றால் ஐ210 ஈதர்நெட். 10இசி:8168 என்றால் உலகத்தில் பாதி மதர்போர்டுகளில் இருப்பதுபோல் தோன்றும் அந்த ரியல்டெக் கிகாபிட் சிப்.

டிரைவர் பக்கத்திலும் இதே எண்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. "இந்த இந்த எண் உள்ள கார்டுகள் என்னுடையவை" என்று ஒவ்வொரு டிரைவரும் எழுதி வைத்திருக்கும். மாட்யூல்களை, அதாவது தேவைப்படும்போது கர்னலில் ஏற்றுவதற்காகத் தனிக் கோப்புகளாகக் கட்டிய டிரைவர்களை, நிறுவும்போது டெப்மாட் என்ற நிரல் அந்தப் பட்டியல்களையெல்லாம் திரட்டி, மாட்யூல்ஸ் டாட் ஏலியாஸ் என்ற ஒரே கோப்பில் எழுதுகிறது. கணினி எழும்போது கர்னல் "இப்படி ஒரு எண் வந்திருக்கிறது" என்று கூவும். சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ் அதைக் கேட்டு, மாட்யூல்களை ஏற்றும் மாட்புரோப்பைக் கூப்பிடும். மாட்புரோப் அந்தக் கோப்பைப் புரட்டி, பொருந்தும் மாட்யூலை ஏற்றும். மொத்த மந்திரமும் இவ்வளவுதான், ஜாதகப் பொருத்தம் பார்ப்பது மாதிரி.

எனவே நான் முதலில் கேட்பது, பிசிஐ கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையின் வெளியீடு. அதோடு என், என், கே என்ற மூன்று எழுத்துகளைச் சேர்த்து ஓட்டச் சொல்வேன். முதல் இரண்டும் எண்களைக் காட்டும். கே என்பது, இந்தக் கார்டுக்கு எந்த மாட்யூல் பொருந்தும், இப்போது எது உண்மையில் ஓட்டுகிறது என்ற இரண்டு வரிகளைக் காட்டும். அந்த இரண்டு வரிகளை வைத்தே பாதி வழக்கு முடிந்துவிடும். இரண்டும் இல்லையென்றால் டிரைவரே கட்டப்படவில்லை, அல்லது கட்டியதை நிறுவவில்லை. பொருந்தும் மாட்யூல் இருக்கிறது, ஓட்டுவது எதுவுமில்லை என்றால், ஏற முயன்று தடுக்கி விழுந்திருக்கிறது. இரண்டும் இருந்தும் நெட் இல்லையென்றால் கோளாறு மேலே எங்கோ இருக்கிறது.

தம்பி போனில் வாசித்தான். எண் 8086:2723. மாட்யூல்: ஐடபிள்யூஎல்வைஃபை. ஓட்டுவது: அந்த வரியே இல்லை.

அதாவது இரண்டாவது வகை. அவன் வழக்கை அங்கேயே நிறுத்திவிட்டு, முதல் வகையில் மாட்டிக்கொள்பவர்களைப் பற்றிக் கொஞ்சம்.

மெனுகான்ஃபிக்கில் ஒவ்வொரு டிரைவருக்கும் மூன்று நிலைகள்: வேண்டாம், மாட்யூலாக, கர்னலுக்குள்ளேயே. இதில் பலரும் தடுமாறுவது பெயரில். கார்டின் பெட்டியில் ஒரு பெயர், மாட்யூலுக்கு ஒரு பெயர், கான்ஃபிக்கில் இன்னொரு பெயர். பிராட்காம் கிகாபிட் கார்டுகளின் மாட்யூல் பெயர் டிஜி3; கான்ஃபிக்கில் அதைத் தேடினால் கிடைக்காது, அங்கே அது டைகான்3. இதற்கு ஊகம் வேண்டாம். மாட்யூலின் பெயர் தெரிந்தால், டிரைவர்கள் இருக்கும் ஃபோல்டரின் மேக்ஃபைலில் (எதை எப்படிக் கட்டுவது என்ற குறிப்புக் கோப்பில்) அந்தப் பெயரை கிரெப் கட்டளையால் தேடினால் போதும்; எந்த கான்ஃபிக் குறியீடு அதைக் கட்டுகிறது என்று ஒரே வரியில் எழுதியிருக்கும். பிறகு மெனுகான்ஃபிக்கில் சாய்கோட்டை அழுத்தி அந்தக் குறியீட்டைத் தேடினால், அது மெனுவில் எங்கே இருக்கிறது, எதையெல்லாம் நம்பியிருக்கிறது என்று காட்டும். ஈதர்நெட் பகுதியில் நிறுவனங்களின் பெயர் போட்ட வரிசை ஒன்று வரும். "இன்டெல்" என்பதை டிக் அடித்துவிட்டால் டிரைவர் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது வெறும் கதவு. உள்ளே போய்த் தனியாக டிரைவரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஒன்றும் கட்டப்படாது. அதன் உதவிக் குறிப்பிலேயே இப்படித்தான் எழுதியிருக்கிறது, யார் படிக்கிறார்கள்.

நான் விழுந்தது வேறு குழியில். மேக் லோக்கல்மாட்கான்ஃபிக் என்று ஓர் அருமையான வசதி இருக்கிறது. இப்போது ஏறியிருக்கும் மாட்யூல்களை எல்எஸ்மாட் மூலம் பார்த்து, அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மாட்யூல்களை கான்ஃபிக்கிலிருந்து வெட்டிவிடும். மணிக்கணக்கில் ஓடும் கம்பைல் சில நிமிடங்களில் முடியும். ஸ்டீவன் ராஸ்டெட் எழுதியது, 2009 டிசம்பரில் வந்த 2.6.32 கர்னலில் சேர்ந்தது. அதில் ஒரே ஒரு நிபந்தனை: அந்த நேரத்தில் ஏறியிராத எதுவும் அதன் கண்ணுக்குத் தெரியாது. நான் அதை ஓட்டிய அன்று என் யூஎஸ்பி வைஃபை டாங்கிள் மேசை டிராயருக்குள் இருந்தது. மறுநாள் செருகினேன். விளக்குகூட எரியவில்லை. அரை மணி நேரம் டாங்கிளைத் திட்டிவிட்டு, அடுத்த கணினியில் செருகிப் பார்த்தபோதுதான் புத்தி வந்தது. இப்போதெல்லாம் லோக்கல்மாட்கான்ஃபிக் ஓட்டுவதற்கு முன் வீட்டிலுள்ள யூஎஸ்பி சாமான்களையெல்லாம் ஒரு முறை செருகி எடுத்துவிடுகிறேன். காப்புக் கட்டுவதற்கு முன் குலதெய்வத்துக்குப் படைப்பதுபோல.

ராஸ்டெட் பெயர் வந்ததால் அந்தக் கார்டு போன கதையையும் சொல்லிவிடுகிறேன். 2008 செப்டம்பர். 2.6.27 கர்னலின் சோதனைப் பதிப்புகளை ஓட்டிய சிலருடைய இன்டெல் கிகாபிட் கார்டுகள், இ1000இ டிரைவர் ஓட்டுபவை, செத்துப்போயின. டிரைவர் இறங்கியது மாதிரி இல்லை. கார்டுக்குள் இருக்கும் நினைவகத்தின் உள்ளடக்கமே அழிந்து, பழைய கர்னலுக்குத் திரும்பினாலும் எழாத நிலை. சில டிஸ்ட்ரோக்கள் தங்கள் சோதனை வெளியீடுகளில் இ1000இ டிரைவரையே தற்காலிகமாக அணைத்து வைத்தன. எல்லோரும் அந்த டிரைவரைத்தான் சந்தேகித்தார்கள். வாரக்கணக்கில் தேடியபின் மாட்டியது எஃப்ட்ரேஸ் என்ற, நெட்வொர்க்கோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத தடம்பார்க்கும் கருவி. ஓடி முடிந்து விடுவிக்கப்பட்ட நிரல்பகுதிகளின் முகவரிகளை அது நினைவில் வைத்திருந்தது. அதே முகவரியில் பிறகு கார்டின் நினைவகம் வந்து அமர்ந்தபோது, நிரலைத் திருத்துவதாக நினைத்துக்கொண்டு கார்டின் மேல் எழுதியிருக்கிறது. எஃப்ட்ரேஸை எழுதியவரும் ராஸ்டெட்தான். அக்டோபரில் 2.6.27 வெளியாகி, உடனே வந்த 2.6.27.1-இல் அந்த வசதி அணைக்கப்பட்டது. நெட்வொர்க் கார்டு பழுதானால் குற்றவாளி நெட்வொர்க் டிரைவராகத்தான் இருக்க வேண்டும் என்று யாராவது அடித்துச் சொன்னால் எனக்கு இந்தச் சம்பவம்தான் ஞாபகம் வரும்.

கட்டியாயிற்று, ஆனால் ஏறவில்லை என்ற வகையில் மிகச் சாதாரணமான காரணம், மேக் மாட்யூல்ஸ்_இன்ஸ்டால் என்ற படியை மறந்துவிடுவது. கர்னல் கோப்பை பூட் ஃபோல்டரில் வைத்து கிரப்பைப் புதுப்பித்துவிட்டு, மாட்யூல்கள் எல்லாம் சோர்ஸ் ஃபோல்டரிலேயே கிடக்கும். அதற்கு அடுத்தது பதிப்புப் பெயர். ஓடும் கர்னல் தன் பெயரை யுநேம் கட்டளையில் எப்படிச் சொல்கிறதோ, அதே பெயரில் லிப் ஃபோல்டருக்குள் ஒரு மாட்யூல் ஃபோல்டர் இருக்க வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் கிடையாது. கிட் மரத்திலிருந்து (மாற்றங்களைப் பதிவுசெய்யும் மூல நிரல் களஞ்சியத்திலிருந்து) கம்பைல் செய்பவர்களுக்கு இதில் ஒரு பிளஸ் குறி வேலை காட்டும். நீங்கள் டேக் இட்ட, அதாவது பதிப்பு எண் குறிக்கப்பட்ட, இடத்தில் நிற்கவில்லை, அல்லது ஒரு வரியைத் திருத்திவிட்டீர்கள் என்றால், பெயரின் கடைசியில் கர்னல் தானாகவே ஒரு பிளஸ் ஒட்டிக்கொள்ளும். நேற்றுக் கட்டிய மாட்யூல்கள் 6.6.30 ஃபோல்டரில் இருக்க, இன்றைய கர்னல் 6.6.30 பிளஸ் என்ற ஃபோல்டரைத் தேடிக்கொண்டிருக்கும். பதிப்பு பொருந்தாத மாட்யூலைக் கையால் ஏற்றினால் "இன்வாலிட் மாட்யூல் ஃபார்மட்" என்று திட்டு விழும். அதைப் பார்த்துவிட்டு, கட்டாயப்படுத்தி ஏற்ற வழி உண்டா என்று தேடுபவர்களுக்கு: உண்டு, வேண்டாம்.

கையொப்பமிட்ட நிரலை மட்டும் ஏற்கும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் இன்னொரு தடை. டிஸ்ட்ரோவின் மாட்யூல்கள் அவர்கள் சாவியால் கையொப்பம் இடப்பட்டவை. நீங்கள் கட்டியதில் உங்கள் சாவி, அல்லது எதுவுமே இல்லை. சாவி கிடைக்கவில்லை என்றோ நிராகரிக்கப்பட்டது என்றோ செய்தி வந்தால் டிரைவரை நோண்டாதீர்கள். மோக்யூடில் கட்டளை மூலம் உங்கள் சாவியைப் பதிந்துகொள்ளுங்கள், அல்லது சோதனை முடியும்வரை செக்யூர் பூட்டை அணைத்து வையுங்கள்.

தம்பிக்கு இது எதுவுமில்லை. மாட்யூல் இருந்தது, பதிப்பு பொருந்தியது, செக்யூர் பூட் இல்லை. "டிமெசேஜ்ல ஃபர்ம்வேர்னு தேடிப் பாரு" என்றேன். டிமெசேஜ் என்பது கர்னல் எழுதும் செய்திகளைக் காட்டும் கட்டளை. மளமளவென்று வாசிக்கத் தொடங்கினான். ஐடபிள்யூஎல்வைஃபை-சிசி-ஏ0-77 என்ற கோப்பை ஏற்ற முடியவில்லை, பிழை மைனஸ் 2. அடுத்து 76, பிழை மைனஸ் 2. 75, அதேதான். இறங்கிக்கொண்டே போய்க் கடைசியில், பொருத்தமான ஃபர்ம்வேர் எதுவும் கிடைக்கவில்லை.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். இன்றைய நெட்வொர்க் கார்டுகளில் பலவும் குட்டிக் கணினிகள். அவற்றுக்குள் ஓட வேண்டிய நிரலை, அதாவது ஃபர்ம்வேரை, ஒவ்வொரு முறையும் டிரைவர்தான் வட்டிலிருந்து எடுத்து ஊட்ட வேண்டும். இந்தக் கோப்புகள் கர்னலின் பகுதி அல்ல. ஒரு காலத்தில் சில ஃபர்ம்வேர் கோப்புகள் கர்னல் மரத்துக்குள்ளேயே இருந்தன. 2017-இல் வந்த 4.14 பதிப்பில் அந்த ஃபோல்டரே நீக்கப்பட்டது. இப்போது எல்லாம் லினக்ஸ்-ஃபர்ம்வேர் என்ற தனிக் களஞ்சியத்தில். பெரும்பாலானவற்றுக்கு மூல நிரல் கிடையாது என்பதால் டெபியன் நெடுங்காலம் இவற்றை வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்தது. 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி மனம் மாறி, 2023 ஜூனில் வந்த 12-ஆம் பதிப்பின் நிறுவல் வட்டிலேயே சேர்த்துக்கொண்டது. அதற்கு முன் டெபியனை லேப்டாப்பில் நிறுவியவர்களுக்கு, ஃபர்ம்வேர் கோப்பை இன்னொரு பென்டிரைவில் வைத்துக்கொண்டு காத்திருந்த நாட்கள் மறந்திருக்காது.

அந்த இறங்குமுக வரிசையைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. டிரைவர் தனக்குத் தெரிந்த புதிய பதிப்பில் தொடங்கி, இருப்பது கிடைக்கும்வரை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்கும். நன்றாக ஓடும் கணினியிலும் இரண்டு மூன்று மைனஸ் 2 வரிகள் இருக்கலாம். கடைசி வரிதான் தீர்ப்பு. மைனஸ் 2 என்பதன் பொருள், அப்படியொரு கோப்பே இல்லை என்பது.

இதற்கு வழக்கமான காரணம் ஒன்று உண்டு, அதில் நேரம்தான் சூட்சுமம். டிரைவரை மாட்யூலாக வைக்காமல் கர்னலுக்குள்ளேயே சேர்த்துவிட்டால் அது இன்னும் உறுதியாக வேலை செய்யும் என்று நினைக்கத் தோன்றும். நடப்பது நேர்மாறு. உள்ளே கட்டப்பட்ட டிரைவர் கர்னலோடு சேர்ந்தே விழித்துவிடுகிறது. அந்த நொடியில் ரூட் பார்ட்டிஷன் இன்னும் மவுன்ட் ஆகியிருக்காது. ஃபர்ம்வேர் எங்கே என்று கேட்கும்போது வட்டே இல்லை, மைனஸ் 2. வட்டு வந்தபின் யாரும் அதை மறுபடி எழுப்புவதில்லை. இதற்கு மருந்து மூன்று: டிரைவரை மாட்யூலாக மாற்றுவது, வட்டு வருமுன் கர்னல் பயன்படுத்தும் தற்காலிகக் கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் ஃபர்ம்வேரைச் சேர்ப்பது, அல்லது எக்ஸ்ட்ரா ஃபர்ம்வேர் என்ற கான்ஃபிக் வழியாக அதையும் கர்னலுக்குள்ளேயே புதைத்துவிடுவது. நான் எப்போதும் முதலாவதைத்தான் சொல்வேன்.

ஆனால் தம்பி மாட்யூலாகத்தான் வைத்திருந்தான். அப்படியானால் கோப்பு வட்டில் இல்லையா?

"இருக்கு அண்ணா. ஃபர்ம்வேர் ஃபோல்டர்லதான் நிக்கிறேன். சிசி-ஏ0-77, கண்ணால பாக்குறேன்."

கோப்பு இருக்கிறது என்கிறான் அவன். இல்லை என்கிறது கர்னல். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்று வைத்துக்கொண்டால் மிஞ்சுவது என்ன? "பேரை முழுசா, கடைசி எழுத்து வரைக்கும் வாசி."

"ஐடபிள்யூஎல்வைஃபை, சிசி, ஏ0, 77, டாட் யூகோட், டாட் இசட்எஸ்டி."

அங்கேதான் இருந்தது. ஃபர்ம்வேர் கோப்புகள் வருடத்துக்கு வருடம் பெருத்துக்கொண்டே போவதால் பல டிஸ்ட்ரோக்கள் அவற்றைச் சுருக்கி வைக்கின்றன. சுருக்கிய ஃபர்ம்வேரை நேரடியாகப் படிக்கும் திறன் கர்னலுக்கு வந்தது 2019-இல், 5.3 பதிப்பில், எக்ஸ்இசட் வடிவத்துக்கு மட்டும். இசட்எஸ்டாண்டர்டு (அந்த இசட்எஸ்டி) வடிவத்துக்கு 2022-இல், 5.19 பதிப்பில். ஆனால் இரண்டுமே கான்ஃபிக்கில் நாம் "ஆம்" சொன்னால்தான். டிஸ்ட்ரோவின் கான்ஃபிக்கில் அந்த "ஆம்" ஏற்கெனவே இருக்கும். தம்பி டிஸ்ட்ரோவின் கான்ஃபிக்கிலிருந்து தொடங்கவில்லை. சுத்தமாக இருக்கட்டும் என்று, கர்னலோடு வரும் அடிப்படை கான்ஃபிக்கான டெஃப்கான்ஃபிக்கிலிருந்து தொடங்கி, வைஃபை டிரைவரைத் தேடித் தேடிச் சேர்த்திருக்கிறான். டிரைவரைச் சேர்த்தவனுக்கு, சுருக்கத்தைப் பற்றிய கேள்வி முற்றிலும் வேறொரு மெனுவில் ஒளிந்திருப்பது எப்படித் தெரியும்? அதன் உதவிக் குறிப்பில் வைஃபை என்ற சொல்லே வராது.

மூன்றாவது வகை இன்னும் குழப்பமானது. எல்எஸ்பிசிஐ, டிரைவர் ஓட்டுகிறது என்று சொல்லும். ஆனாலும் நெட் வராது. இதற்குத் தம்பியின் கார்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஐடபிள்யூஎல்வைஃபை என்பது கார்டோடு பேசும் அடித்தளம் மட்டும்தான். அதன் மேல் ஐடபிள்யூஎல்எம்விஎம் என்ற இன்னொரு மாட்யூல் அமர்ந்தால்தான் வைஃபை இடைமுகம் பிறக்கும். பழைய இன்டெல் கார்டுகளுக்கு எம்விஎம்முக்குப் பதில் டிவிஎம். இரண்டில் எது என்று மெனு கேட்கும். கேள்வியைத் தாண்டிப் போய்விட்டால், டிரைவர் ஏறிய கணினியில் வைஃபை இருக்காது.

ரியல்டெக்கின் ஆர்8169 டிரைவரிலும் இதேபோல ஒரு ஜோடிப் பிணைப்பு. 2018-இல் வந்த 4.19 பதிப்பிலிருந்து, கேபிளின் மின்சமிக்ஞையைக் கவனிக்கும் வேலையை அது பொதுவான பிஎச்ஒய் அடுக்குக்கு மாற்றிவிட்டது. அதற்கு ரியல்டெக் என்ற தனி மாட்யூல் வேண்டும். ஆர்8169 இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் போய், ரியல்டெக் மாட்யூல் போகாமல் விட்டுப்போனால் கார்டு எழாது. இது பலருக்கு நேர்ந்ததால் இப்போது டிரைவரே, ரியல்டெக் மாட்யூலை இனிட்ராம்எஃப்எஸ்ஸில் சேர்க்க வேண்டியிருக்கலாம் என்று டிமெசேஜில் எழுதிவிடுகிறது. பிழைச் செய்தியில் மருந்தையும் சேர்த்து எழுதும் நல்ல மனிதர்கள் கர்னல் உலகில் குறைவு. அதனால் அந்த வரியை நான் மரியாதையோடு பார்ப்பேன்.

சில சமயம் கார்டு எழுந்து, கேபிளும் இணைந்து, ஐபி முகவரி மட்டும் வராது. மிகச் சிறிய கர்னல் கட்ட ஆசைப்பட்டு எல்லாவற்றையும் அணைத்தவர்களுக்கு இது நேரும். முகவரி வாங்கும் டிஎச்சிபி கிளையன்ட் முகவரி கிடைப்பதற்கு முன்பே பேச வேண்டியிருப்பதால், சாதாரண சாக்கெட்டை (நிரல்கள் நெட்டில் பேசும் வாயிலை) நம்பாமல், முகவரி இல்லாமலே பேச உதவும் பாக்கெட் சாக்கெட்டைத் திறக்கிறது. கான்ஃபிக்கில் அதை அணைத்திருந்தால் முடிந்தது. இதில் டிஎச்கிளையன்ட் என்ற டிஎச்சிபி நிரல் நல்ல பிள்ளை. எந்தக் கான்ஃபிக்கைப் போட வேண்டும் என்று பெயர் சொல்லியே அழும்.

அப்புறம் பெயர் மாற்றம். 2013 ஜனவரியில் வந்த சிஸ்டம்டி (கணினியின் சேவைகளைத் தொடங்கி நடத்தும் நிரல்) 197 முதல், நெட்வொர்க் இடைமுகங்களுக்கு ஈத்0 போய் இஎன்பி3எஸ்0 மாதிரிப் பெயர்கள் வந்தன. கார்டு எந்த பஸ்ஸில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதிலிருந்து பெயர் பிறப்பதால் அது மாறாது என்பது கணக்கு. ஆனால் கர்னல் அந்தக் கார்டைப் பற்றிக் கூடுதலாக ஒரு தகவல் சொல்லத் தொடங்கினால் பெயரின் வாலில் அதுவும் ஒட்டிக்கொள்ளும். 2024-இல் 6.8 கர்னலோடு ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற சர்வர் டிஸ்ட்ரோவின் புதுப் பதிப்பு வந்தபோது, இடைமுகப் பெயர்கள் மாறலாம் என்று வெளியீட்டுக் குறிப்பிலேயே எச்சரித்தார்கள். கார்டு நன்றாக இருக்கிறது, டிரைவர் ஓடுகிறது. கான்ஃபிக் கோப்பு மட்டும் பழைய பெயரைச் சொல்லி யாரும் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். இப்போதைய பெயர்களைக் காட்ட ஐபி லிங்க் என்று ஒரு கட்டளை, பத்து வினாடி வேலை. அதைப் பார்ப்பதற்கு முன் கர்னலைக் குறை சொல்லக் கூடாது.

கடைசியாக, கர்னல் மரத்துக்கு வெளியே வாழும் டிரைவர்கள். கர்னலுக்குள் இருக்கும் டிரைவருக்கு ஒரு பாதுகாப்பு உண்டு: யார் உள்கட்டமைப்பை மாற்றினாலும், அவரே அந்த டிரைவரையும் திருத்திக் கொடுக்க வேண்டும். வெளியே இருப்பதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கர்னலுக்குள் நிலையான இடைமுகம் தரமாட்டோம் என்பது அவர்களுடைய கொள்கை. கர்னல் பராமரிப்பாளர் கிரெக் க்ரோ-ஹார்ட்மன் அதை ஓர் ஆவணமாகவே எழுதி கர்னல் மரத்துக்குள் வைத்திருக்கிறார். பயனர் நிரல்களை உடைக்கமாட்டார்கள், ஆனால் வெளி டிரைவர்களை உடைக்கத் தயங்கமாட்டார்கள். 5.6-இல் ஐஓரீமேப்_நோகேஷ் என்ற பழைய செயற்கூறு போனது. 2022-இல் வந்த 5.17-இல் கார்டின் மேக் முகவரியை (அதன் வன்பொருள் அடையாளத்தை) நேரடியாக எழுத முடியாதபடி பூட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் எத்தனையோ வெளி டிரைவர்கள் கம்பைல் ஆகாமல் நின்றன.

டெல் நிறுவனம் 2003-இல் உருவாக்கிய டிகேஎம்எஸ், புது கர்னல் வரும்போதெல்லாம் இந்த வெளி டிரைவர்களைத் தானே மறுபடி கட்டித் தருகிறது. ஆனால் டிஸ்ட்ரோ பேக்கேஜாக வந்த கர்னலுக்குத்தான் அது தானாக விழிக்கும் என்று வைத்துக்கொள்வது நல்லது. நீங்கள் கையால் நிறுவிய கர்னலுக்கு டிகேஎம்எஸ்ஸை நீங்களேதான் ஓட்ட வேண்டியிருக்கும், ஹெடர் கோப்புகளும் இடத்தில் இருக்க வேண்டும். சில பிராட்காம் வைஃபை கார்டுகள், ஆர்8169-க்குப் பதிலாக ஆர்8168 என்ற தயாரிப்பாளர் டிரைவரை நம்பியிருப்பவர்கள், இவர்களெல்லாம் இந்த வரிசையில் வருவார்கள். பழைய கர்னலில் நெட் வந்தது உள்டிரைவராலா வெளிடிரைவராலா என்று கம்பைல் தொடங்கும் முன்பே ஒரு தடவை பார்த்து வைத்துக்கொண்டால் பாதி இரவு மிச்சமாகும்.

தம்பிக்கு மறுகம்பைல் தேவைப்படவில்லை, அன்றைக்காவது. சுருக்கியிருந்த அந்த ஃபர்ம்வேர் கோப்பை அதே ஃபோல்டரில் விரித்து வைக்கச் சொன்னேன். பிறகு மாட்புரோப்பால் மாட்யூலை ஒரு முறை இறக்கி மறுபடி ஏற்றினான். போனில் மூன்று வினாடி மௌனம், அப்புறம் "வந்துடுச்சு!" சுருக்கத்துக்கான கான்ஃபிக்கை அடுத்த கம்பைலில் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டுப் படுத்தேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு மறுபடி அவன். "அண்ணா, ப்ளூடூத் வரல."

அதே கார்டு, அதன் ப்ளூடூத் பாதிக்குத் தனி ஃபர்ம்வேர். இன்டெல் என்ற உள்ஃபோல்டரில் இருக்கும். "அங்க போய்க் கடைசி எழுத்து என்னன்னு பாரு" என்றேன்.